20 வருஷமாகப் பிடதி போய் வருகிறேன். இனி அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

கணியம்பாடி_ரசிகன் எழுதியது:

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து மக்களிடம்தான் இதைக் கேட்கிறேன். ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் பெங்களூரு என்று நமக்குத்தான் இரண்டு திசையிலும் ரைடுகள் உள்ள பொழுதுபோக்குப் பார்க் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு தாண்டி மைசூரு ரோட்டில் இருக்கும் பிடதி வொண்டர்லா பார்க் 2005-ல் திறந்தது. நான் முதலில் போனது 2006 மே மாதம். பாலிடெக்னிக் முடித்த கையோடு பதினான்கு பேர், ஒரு வாடகை வேன். நம்ம ஊரில் அக்னி நட்சத்திர வெயில் எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேட்டில் வேன் ஏறும்போது ஜன்னலில் ஜில்லென்று ஒரு காற்று வந்தது, அப்போதே பாதி சந்தோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து இதுவரை பதினோரு தடவை போயிருக்கிறேன். நண்பர்களோடு, கம்பெனி ஆட்களோடு, கல்யாணமான புதிதில் மனைவியோடு, அப்புறம் பிள்ளைகளோடு.

ஆனால் எனக்கு முக்கியமான தடவை 2014. அந்த வருஷம்தான் அம்மாவைக் கூட்டிப் போனேன், கூடவே அக்காவும் அக்கா பிள்ளைகளும். அதுவரை அம்மா வெளியூர் என்று போனது திருப்பதிக்கும் திருவண்ணாமலை கிரிவலத்துக்கும்தான். புடவையோடு தண்ணீர் ரைடுகளில் விட மாட்டார்கள், நைலான் துணிதான் வேண்டும், பருத்தி நூல் வடிகட்டியில் போய்ச் சிக்கிக்கொள்ளும் என்பதால் அப்படி ஒரு விதி. அதனால் அலைக்குளம், செயற்கை மழையில் ஆடும் ரெயின் டிஸ்கோ எதுவும் அம்மாவுக்கு இல்லை. தலை சுற்றும், முதுகு பிடிக்கும் என்பதால் பெரிய ரைடுகளும் இல்லை. இருந்தும் அன்றைக்கு அம்மா ஒன்பது ரைடில் ஏறினார், நான் எண்ணிக்கொண்டே வந்தேன். கட்டடத்தின் உச்சியில் ஒரு ராட்டினம் இருக்கிறதே, ஸ்கை வீல், அதில் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "திருவிழா ராட்டினத்தைத் தூக்கி மாடி மேல வெச்சிருக்காங்க பாருடா" என்று சொன்னார். இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் அதே பேச்சு. திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், அம்மா மட்டும் வாணியம்பாடி வரை தூங்காமல் என்னிடம் பேசிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு நான் ஒரு பார்க்கை அளப்பது ஒரே கணக்கில்தான். பாட்டியும் பேரனும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார அங்கே எத்தனை ரைடு இருக்கிறது?

இந்தக் கணக்கில் பார்த்தால் பார்க்குகள் போகும் பாதை எனக்குக் கவலையாக இருக்கிறது. புதிதாக எங்கே எது வந்தாலும் செய்தி என்னவோ ரோலர் கோஸ்டர்தான். எத்தனை அடி உயரம், எத்தனை தலைகீழ் சுற்று, இதுதான் விளம்பரம். நான் கோஸ்டருக்கு எதிரி இல்லை, பிடதியில் இருக்கும் ரீகாயில் என்ற கோஸ்டரில் நான்கு தடவை ஏறியவன், பின்பக்கமாகத் தலைகீழாகப் போகும்போது வயிறு தொண்டைக்கு வருவதை அனுபவித்து ரசித்தவன். ஆனால் போன வருஷம் ஒரு பார்க்குக்குப் போனோம், பெயர் வேண்டாம். பிள்ளைகள் மூன்று வயதிலிருந்து ஏறிப் பழகிய மெதுவான படகு ரைடைக் காணோம். அந்த இடத்தில் தகரம் அடைத்து, விரைவில் ஏதோ ஒரு பெரிய ரைடு வருகிறது என்று படம் ஒட்டியிருந்தார்கள். அங்கே நிழல் தந்த மரங்களும் இல்லை.

இன்னொன்று இந்த இரண்டு வரிசை. கூடுதல் பணம் கட்டினால் முன்னால் போகலாம் என்ற டிக்கெட் இப்போது பெரிய பார்க்குகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. அதே பார்க்கில் முக்கால் மணி நேரம் நின்று கதவுப் பக்கம் வந்த நேரத்தில் பக்கத்து வாசல் வழியாக இருபது பேர் வந்து ஏறினார்கள். என் ஆறு வயதுப் பையன், "நாம ஏன்பா அந்த வழியா வரல?" என்று கேட்டான். நான் என்ன பதில் சொல்ல? 2006-ல் நாங்கள் பதினான்கு பேர் நின்ற வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு டாக்டர் குடும்பம், பின்னால் கோலாரிலிருந்து வந்த செங்கல் சூளைக்காரர்கள். எல்லாருக்கும் ஒரே காத்திருப்பு. அந்தச் சூளைக்காரர் எங்களுக்கு வறுத்த வேர்க்கடலை கொடுத்தார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்கு இப்போது 68, முட்டிவலி. மகளுக்கு 11 வயது, பையனுக்கு 6. மகள் சென்னைப் பக்கம் திருப்போரூரில் திறந்த புது வொண்டர்லாவுக்குப் போக வேண்டும் என்று நிற்கிறாள். எனக்கு அம்மாவை இன்னொரு தடவை பிடதி கூட்டிப் போக ஆசை. குடும்பத்தோடு போக எது சரி? அப்புறம், பாட்டி பேரன் கணக்கு என்று நான் சொல்வது வெறும் பழைய ஞாபகமா, உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா?

காட்பாடி_ஜங்ஷன்:

தூரத்தை வைத்து முடிவெடுப்பதென்றால் திருப்போரூர்தான். பலர் சென்னைக்குள் போய்ச் சுற்ற வேண்டும் என்று நினைக்கிறார்கள், தேவையே இல்லை. வாலாஜா, காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு வழியாக நேராகத் திருப்போரூர். பக்கத்தில் இள்ளலூரில்தான் பார்க். வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் வரும், பிடதி என்றால் இன்னும் நூறு கிலோமீட்டர் கூட. முட்டிவலிக்காரர்களுக்கு அந்த நூறு கிலோமீட்டர் பெரிய விஷயம்.

பிடதிதான் என்றால் ரயிலையும் யோசியுங்கள். ராத்திரி பெங்களூரு மெயிலிலோ காவேரி எக்ஸ்பிரஸிலோ காட்பாடியில் ஏறினால் படுத்துக்கொண்டே போகலாம், விடியலுக்கு முன் பெங்களூரு. ரயில் நிலையத்திலிருந்தே மெட்ரோவில் பர்ப்பிள் லைன் பிடித்தால் மைசூரு ரோடு பக்கம் செல்லகட்டா வரை போகிறது, 2023 அக்டோபரில் அதுவரை நீட்டித்தார்கள். அங்கிருந்து பிடதி கொஞ்ச தூரம்தான். பார்க் திறப்பது 11 மணிக்கு, அதனால் நடுவில் ஒரு ரூம் எடுத்து அம்மாவை மூன்று மணி நேரம் படுக்க வைத்துவிட்டுப் போங்கள். இது முக்கியம். காலையிலேயே களைத்துப்போனால் அப்புறம் எந்த ரைடும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

60 தாண்டியவர்களுக்கு டிக்கெட்டில் சலுகை உண்டு, ஆதார் கையில் இருக்கட்டும்.

ரீகாயில்_வெறியன்:

அண்ணா, நான் உங்கள் கருத்தோடு பாதி மோதப் போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெக்கானிக்கல் படிக்கிறேன், அந்தப் படிப்பில் சேர்ந்ததே ரீகாயிலில் ஏறிய பிறகுதான்.

கோஸ்டர் வருவதால் பார்க் கெட்டுப்போகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம்ம பசங்கள் ஒரு நல்ல கோஸ்டர் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூரோ துபாயோ போக வேண்டும் என்ற நிலை இருந்தது. திருப்போரூரில் 2025 டிசம்பரில் திறந்த பார்க்கில் இருக்கும் தஞ்சோரா என்ற கோஸ்டர், சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபியார் கம்பெனி செய்தது, அந்தக் கம்பெனியின் கோஸ்டர் இந்தியாவுக்கு வருவது இதுதான் முதல் தடவை. தண்டவாளம் தலைக்கு மேலே, நாற்காலி கீழே தொங்கும், கால் காற்றில் ஆடும். இந்த வகையை அந்தக் கம்பெனி முதன்முதலில் 1992-ல் அமெரிக்காவில் போட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து நம்ம வீட்டிலிருந்து மூன்று மணி நேர தூரத்துக்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்துக் கவலைப்பட என்னால் முடியாது அண்ணா, டிக்கெட் எடுத்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் வரிசை விஷயத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ரீகாயில் மாதிரி ரைடில் வரிசை ஏன் நகராது என்றால், ரயிலைப் பின்னால் இழுத்து மேலே கொண்டுபோய் விடுகிறார்கள், அது சுற்றுகளைக் கடந்து மறுமுனையில் ஏறி, அதே தண்டவாளத்தில் பின்பக்கமாகத் திரும்பி வருகிறது. போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றே என்பதால் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் ஓட முடியும். அது வந்து நின்று, ஆட்கள் இறங்கி, அடுத்தவர்கள் ஏறி, ஒவ்வொரு பூட்டையும் கையால் இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த ஓட்டம். எத்தனை பேர் வேலைக்கு நின்றாலும் மணிக்கு ஏற்றக்கூடிய தலைகளுக்கு ஒரு எல்லை இருக்கிறது. வட்டமாகச் சுற்றி வரும் தண்டவாளம் என்றால் ஒரு ரயில் மேலே ஓடும்போதே இன்னொன்றில் ஆள் ஏற்றலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படி எல்லை உள்ள ரைடில் காசு கொடுத்தவர் ஒருவர் முன்னால் ஏறினால், அந்த இடம் கண்டிப்பாக உங்கள் பையனிடமிருந்துதான் போகிறது. அதனால் அந்தக் கோபத்தில் நான் உங்கள் பக்கம். கோஸ்டர் கோபத்தில் இல்லை.

மகள் உயரம் எவ்வளவு? வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழ் இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட். பெரிய ரைடுகள் பலவற்றுக்கும் 140 கேட்பார்கள். 140 இல்லாமல் கூட்டிப் போனால் அவள் கீழே நின்று பார்ப்பாள், அது அழுகையில் முடியும். அளந்துவிட்டுத் தேதி போடுங்கள்.

ஆம்பூர்_வேன்_பாய்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பதினேழு வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். பிடதிக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கு இல்லை. பார்க்கிங்கில் நான் படுத்துக் கிடக்கும்போது மதியம் இரண்டு மணிக்கே வெளியே வந்து வேனில் உட்காருபவர்கள் யார் தெரியுமா? பெரியவர்கள்தான். "பிள்ளைங்க விளையாடட்டும், நாங்க இங்க இருக்கோம்" என்பார்கள். ஃபேன் போட்டு விட்டு, டீ வாங்கிக் கொடுப்பேன். முன்பெல்லாம் நாலு மணி, ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். கணியம்பாடித் தம்பி சொல்கிற பாட்டி பேரன் கணக்கை நான் என் வேனிலேயே பார்க்கிறேன்.

வண்டி விஷயம்: பெங்களூரு மைசூரு புது எக்ஸ்பிரஸ்வே 2023 மார்ச்சில் வந்த பிறகு, மெயின் ரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தால் பிடதியைத் தாண்டிவிடுவீர்கள், சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டிய இடத்தைக் கவனியுங்கள். வீட்டுச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள். அதனால் வாசலுக்கு முன்பே வேனில் வைத்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வேன். பெரியவர்களுக்கு மாத்திரை நேரம் இருக்கும், அதையும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேகமான வரிசை டிக்கெட் பற்றி ஒரு எச்சரிக்கை. நம்ம பக்கத்து டூர்க்காரர் ஒருவர் ஒரு கல்யாண வீட்டாரிடம் அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு கையில் சாதா டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார், வாசலில் அந்தக் குடும்பம் நின்றதை நான் பார்த்தேன். டிக்கெட்டை நீங்களே ஆன்லைனில் எடுங்கள், வண்டிக்காரரிடம் வண்டியை மட்டும் பேசுங்கள்.

சேண்பாக்கம்_டீச்சர்:

இந்தக் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனவள் நான், இப்போது ஓய்வு.

எங்கள் காலத்துச் சுற்றுலா என்றால் சென்னைப் பக்கம்தான். விஜிபி கோல்டன் பீச்சில் சிலை மனிதர் நிற்பார். பிள்ளைகள் அவரைச் சிரிக்க வைக்க என்னென்னவோ செய்வார்கள், அவர் கண்கூட அசைக்க மாட்டார். லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் நிற்கும் காவலர்களைப் பார்த்துவிட்டு வந்து விஜிபி பன்னீர்தாஸ் தொடங்கியது அது. அதற்கு மின்சாரம் வேண்டாம், உயர அளவு வேண்டாம், ஆறாம் வகுப்புப் பையனும் பள்ளி ஆயாவும் ஒரே வட்டமாக நின்று பார்த்தார்கள். அப்புறம் 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் ஆரம்பித்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அலை என்ற ஒன்றை முதலில் பார்த்தது அங்கேயிருந்த குளத்தில்தான், கடலில் இல்லை. பூந்தமல்லிப் பக்கம் குயின்ஸ்லேண்ட் வந்த பிறகு நமக்கு இன்னும் வசதியாயிற்று, பெங்களூரு ரோட்டிலேயே இருப்பதால் ஊருக்குள் போகாமலே திரும்பிவிடலாம்.

டிக்கெட் ஏறியதற்கு எல்லாரும் பார்க்கையே திட்டுகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இந்தப் பூங்காக்களுக்கு 28 சதவீதம் போட்டார்கள், 2018 ஜனவரியில்தான் 18 ஆகக் குறைந்தது. அந்த ஆறு மாதத்தில் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாமல் பெயரை எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

தம்பியின் கணக்கில் ஒரு திருத்தம் சொல்லலாமா? எத்தனை ரைடில் பாட்டி ஏறலாம் என்பது மட்டும் போதாது. குடும்பமாகப் போனால் பை காப்பது யார்? பாட்டிதான். எல்லாருடைய செருப்பு, செல்போன், மாற்றுத் துணி எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிமென்ட் திட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொரு சுற்றுலாவிலும் பார்த்திருக்கிறேன். அந்தத் திட்டுக்கு மேலே நிழல் இருக்கிறதா, சாய முதுகு இருக்கிறதா, பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா, அங்கிருந்து பார்த்தால் பிள்ளைகள் விளையாடுவது தெரிகிறதா, இதையும் எண்ணுங்கள். முதலில் லாக்கர் எடுத்துப் பையை அதில் வையுங்கள். பெரிய பார்க்குகளில் சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் வைகாசி மாதம் ராட்டினம் சுற்றும்போது கிழவிகள் முதலில் இடம் பிடித்து ஏறுவார்கள், நான் சின்ன வயதில் பார்த்தது. பெரியவர்களுக்கு ஆசை இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அம்மாவிடம் கேட்டீர்களா? கேள்வியில் மகள் விருப்பம் இருக்கிறது, உங்கள் விருப்பம் இருக்கிறது, அம்மாவின் விருப்பத்தைக் காணோமே.

ரீகாயில்_வெறியன்:

டீச்சர் சொன்ன பிறகு எங்கள் ஆயாவை நினைத்துக்கொண்டேன். போன தடவை எங்கள் பைகள் ஏழும் அவர்களிடம்தான் இருந்தன. இனி லாக்கர்தான்.

கணியம்பாடி_ரசிகன்:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அந்த மாடி மேல இருக்கற ராட்டினம் இன்னும் இருக்குதா?" என்றார். இத்தனை வருஷம் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார், நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அதனால் பிடதிதான். காலாண்டு விடுமுறையில், ஞாயிறு வேண்டாம், செவ்வாயோ புதனோ. காட்பாடி நண்பர் சொன்னபடி ராத்திரி ரயில், நடுவில் ரூம். திரும்பி வர மட்டும் பாய் வேன் கிடைக்குமா, தனிச்செய்தி அனுப்புகிறேன். ஸ்கை வீல் அன்றைக்கு ஓடுகிறதா என்று முன்னாலேயே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பேன். லாக்கர் எடுத்துவிடுவேன், அம்மா கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருக்கும்.

தம்பி, கோஸ்டர் பற்றி நீ எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். கால் தொங்கும் என்ற இடம் வந்ததும் எழுந்து போய்ச் சுவரோடு ஒட்டி நின்று அளக்கச் சொன்னாள். 138 இருக்கிறாள். 140 தொட்டதும் திருப்போரூர் என்று சொல்லியிருக்கிறேன், நிலைக்கதவில் பென்சிலால் கோடு போட்டு வைத்துவிட்டாள். அப்போது நீயும் வருகிறாயா? எனக்கு அதில் தனியாக அவள் பக்கத்தில் உட்காரக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஏறுவேன்.